இதயத்தை அச்சடிக்கலாம், துடிக்க வைப்பது யார்?

2019 ஏப்ரலில் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் ஒரு குட்டி இதயத்தைக் காட்டினார்கள். நோயாளி ஒருவரின் வயிற்றுக் கொழுப்புத் திசுவிலிருந்து செல்களை எடுத்து, அவற்றை ஸ்டெம் செல்களாகவும் பின் இதயச் செல்களாகவும் மாற்றி, முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அச்சடித்தது. முயலின் இதயம் அளவுதான். உலகமே கைதட்டியது. அதன் செல்கள் சுருங்கின, ஆனால் ஒன்றுசேர்ந்து ரத்தத்தைத் தள்ளவில்லை என்று அந்த ஆய்வுக் குழுவே சொன்னதை மட்டும் பலர் கவனிக்கவில்லை.

பயோபிரிண்டிங் பற்றிய செய்திகளின் கோளாறே இதுதான். உருவம் வந்துவிட்டால் உறுப்பே வந்துவிட்டது என்று நம்பிவிடுகிறோம்.

உண்மையில் அறுவை மருத்துவர்களுக்கு முதலில் தேவை முழு இதயம் அல்ல, ஒட்டுப் போடத் தசை. பெரிய மாரடைப்பு ஒன்றில் 100 கோடி தசைச் செல்கள் வரை செத்துப் போகலாம். 25 வயதிலேயே ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம்தான் புதிதாக உருவாகிறது. எனவே செத்த இடத்தில் வெறும் வடுதான் மிஞ்சும். சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுவது போல அங்கே ஒட்டிவிடலாமே என்று தோன்றும். பஞ்சர் ஒட்டு சும்மா ஒட்டிக்கொண்டிருந்தால் போதும். இதய ஒட்டோ ஒரு நாளைக்கு லட்சம் தடவை சுருங்கி விரிய வேண்டும்!

பெரிய தலைவலி ரத்தம். ஒரு செல் ரத்தக்குழாயிலிருந்து 0.2 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளியிருந்தால் ஆக்சிஜன் கிடைக்காமல் செத்துவிடும். இடது கீழறையின் சுவரோ சுமார் 1 சென்டிமீட்டர் தடிமன். அதற்குள் தலைமுடியைவிட மெல்லிய நுண்குழாய்களை நெருக்கமாகப் பின்ன வேண்டும். அச்சடிக்கும் 'உயிர் மை'யும் தோசை மாவு மாதிரிதான். நீர்த்திருந்தால் வடிவம் நிற்காது, கெட்டியாக இருந்தால் முனையில் அழுத்தித் தள்ளும்போதே செல்கள் நசுங்கும். 2019-லேயே கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆடம் ஃபைன்பெர்க் குழு இதற்கு அழகான வழி ஒன்றைக் காட்டியது. ஜெலட்டின் கூழுக்குள்ளேயே கொலாஜனை அச்சடித்து, பிறகு 37 டிகிரிக்குச் சூடாக்கினால் கூழ் உருகிப் போய் வடிவம் மட்டும் நிற்கும். இழையின் தடிமன் 20 மைக்ரோமீட்டர் வரை இறங்கியது. பெரிய சாதனைதான். ஆனால் நுண்குழாய் 5 முதல் 10 மைக்ரோமீட்டர்!

அடுத்தது மின்சாரம். ஸ்டெம் செல்லிலிருந்து பிறக்கும் இதயச் செல்கள் கருவிலுள்ள குழந்தையின் செல்களைப் போல முதிராதவை, தம் இஷ்டத்துக்குத் துடிக்கும். 2014-ல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அத்தகைய செல்களைக் குரங்குகளின் இதயத்தில் செலுத்தியபோது, அவை உயிர் பிழைத்துத் தசையாகவும் சேர்ந்தன, கூடவே இதயத் துடிப்பின் தாளமும் தவறியது. அச்சு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இந்தக் குறை தீராது.

இன்னொரு வேடிக்கை. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகர மருத்துவர்கள் ஆய்வகத்தில் வளர்த்த இதயத் தசையை நோயாளிக்கே ஒட்டியிருக்கிறார்கள், 2025 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் வெளியானது. அது அச்சடித்தது அல்ல. கொலாஜனோடு செல்களைக் கலந்து அச்சில் வார்த்தது, அதாவது இட்லித் தட்டு முறை!

அதற்காக பிரிண்டர் வீண் என்று சொல்லிவிட முடியாது. மெல்லிய பட்டைகளை வார்க்கலாம், குழாய்கள் ஓடும் தடித்த சுவரை வார்க்க முடியாது. அச்சு தேவைப்படுவது அங்கேதான், ஆராய்ச்சிப் பணமும் அங்கே போக வேண்டும். காட்சிக்கு வைக்கும் குட்டி இதயங்களுக்கு அல்ல.

செலவுக் கணக்கும் இருக்கிறது. நோயாளியின் சொந்தச் செல்லிலேயே செய்தால் உடல் நிராகரிக்காது என்பார்கள். ஆனால் ஆளுக்கு ஒரு தனித் தயாரிப்பு, தனிச் சோதனை, பல மாதக் காத்திருப்பு. கோட்டிங்கன் குழு பிறர் செல்லையே பயன்படுத்தியது. ஒரே செல் வரிசையிலிருந்து பலருக்கும் முன்கூட்டியே தயாரித்து வைக்கலாம், பதிலுக்கு நோயாளி எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை விழுங்க வேண்டும். சாதாரண மருத்துவமனைக்கு என்றாவது வந்து சேரப்போவது இந்த இரண்டாவது வழியாகத்தான் இருக்கும்.