தெரிவும் பொறுப்பும்

விழாமலர் என்பது பழமையைப் போற்றும் ஏடு. எம்மை ஆளாக்கிய ஆசிரியப் பெருமக்களையும், யாம் ஓடி விளையாடிய முற்றத்தையும், ஓதியுணர்ந்த வகுப்பறைகளையும் நினைந்து வணங்குதற்கே இத்தகைய மலர்கள் மலர்கின்றன. அது தகுவதே. ஆயினும், பழமையைப் போற்றுதல் வேறு. பழமையைக் காவலுக்கு நிறுத்துதல் வேறு. இவ்விரண்டினையும் வேறுபடுத்தி அறியாமையால் விளைந்த கேடுகள் பலவற்றை யாம் ஈடுபட்டுள்ள கணினித் துறையிற் கண்டிருக்கின்றோம். இன்று எமது கல்லூரியிற் கணினியியல் பயிலும் மாணவர் பலர் நாளை இத்துறையிலேயே தொழில்புரிய இருப்பவராதலின், அவர்தம் கருத்துக்கு ஒன்றினை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

ஒருவர் தம் வீட்டிலிருந்தபடியே வங்கிக்குப் பணம் அனுப்புமாறு பணிக்கின்றார். அவரது கடவுச்சொல் பல நாடுகளையும் பல கருவிகளையும் கடந்து செல்லுகின்றது. வழியிலுள்ளார் எவரும் அதனைப் படித்தல் கூடாது; மாற்றுதலும் கூடாது. இதற்காக இருபுறத்துக் கணினிகளும் பேசத் தொடங்குமுன், எந்த மறைமொழியிற் பேசுவது, அதன் எந்தப் பதிப்பிற் பேசுவது என்று தம்முள் உடன்பாடு செய்துகொள்ளுகின்றன. இவ்வுடன்பாட்டின் விதிகளையே நெறிமுறை என்கின்றோம். நிரல் எழுதுவோர் இவ்விதிகளைத் தாமே எழுதுவதில்லை. முன்னரே எழுதி வைக்கப்பட்ட மென்பொருள் நூலகம் ஒன்றினை எடுத்தாளுகின்றனர். அவற்றுள் மிகப் பரந்து வழங்குவது ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்பது. அவுஸ்திரேலியரான எரிக் யங், ரிம் ஹட்சன் என்னும் இருவர் ஆக்கிய நூலகத்தை அடிப்படையாகக் கொண்டு 1998ஆம் ஆண்டின் இறுதியில் அது தோன்றியது.

அந்நூலகத்திலே நெறிமுறையின் நடத்தையை மாற்றவல்ல தெரிவுகள் பற்பல உள. இன்ன பதிப்பை ஏற்காதே, இன்ன வசதியை நிறுத்து, இன்ன பிழையைப் பொறுத்துக்கொள் என்று ஒவ்வொன்றும் ஒரு கட்டளை. நிரலில் ஒரு வரி எழுதினாற் போதும். ஆயிரக்கணக்கானோரின் இரகசியம் அவ்வரியினாற் காக்கப்படும், அன்றேல் கைவிடப்படும். இத்தெரிவுகளை அமைப்பது சில்லறை வேலையன்று, பொறுப்புள்ள தீர்ப்பு என்பதே எமது துணிபு.

யாழ்ப்பாணத்து வேலிகளிலே பொட்டு இருப்பதனை யாவரும் அறிவர். அயல் வீட்டார் தண்ணீர் அள்ளவும், அவசரத்துக்கு வந்துபோகவும் அன்பினால் விடப்பட்ட வழி அது. படலைக்குப் பூட்டு மாட்டியவர் பொட்டை மறந்துவிடுதல் உண்டு. கள்வன் மறப்பதில்லை. பழைய கருவிகளுக்காக நூலகத்திலே விடப்பட்ட தெரிவுகளும் இத்தகையனவே.

நெறிமுறையின் வரலாற்றைச் சுருங்கக் கூறின் இஃது விளங்கும். நெற்ஸ்கேப் நிறுவனம் எஸ்.எஸ்.எல். இரண்டாம் பதிப்பினை 1995இலும், மூன்றாம் பதிப்பினை 1996இலும் வெளியிட்டது. பின்னர் ரி.எல்.எஸ். எனப் பெயர் மாறி, 1.0 என்பது 1999இலும், 1.1 என்பது 2006இலும், 1.2 என்பது 2008இலும், 1.3 என்பது 2018இலும் வந்தன. புதியது வந்தபோதெல்லாம் பழையது விடைபெற்றிருத்தல் வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. பழையதை மட்டுமே பேசவல்ல கருவிகள் எங்கோ சில இருத்தல் கூடும் என்னும் இரக்கத்தினால், எல்லாப் பதிப்புகளும் ஒரே வாசலிற் காத்துநின்றன.

அவ்விரக்கத்தின் விலை 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் வெளிப்பட்டது. கூகிள் நிறுவன ஆய்வாளர் மூவர் 'பூடில்' என்னும் தாக்குதலை விளக்கினர். புதிய பதிப்பிற் பேச முயன்று தோல்வியுற்றால், உலாவிகள் தாமாகவே ஒவ்வொரு படியாகக் கீழிறங்கி எஸ்.எஸ்.எல். மூன்றாம் பதிப்பிற் பேசுவது அக்காலத்து வழக்கம். இடையிலிருக்கும் பகைவன் வேண்டுமென்றே அத்தோல்வியை உண்டாக்கினான் என்க. வல்ல பதிப்பை அறிந்த இருவரும் பதினெட்டு ஆண்டு பழைய பதிப்பிற்கு இறங்கிவிடுவர். இறங்கியபின், சராசரியாக 256 முயற்சிகளுக்கு ஒரு பைற்று என்னும் அளவில் இரகசியம் கசியும். இங்கே உடைக்கப்பட்டது புதிய பூட்டன்று. பயனின்றித் திறந்து கிடந்த பழைய வழியே பயன்பட்டது. இணையப் பொறியியற் பணிக்குழு 2015ஆம் ஆண்டில் அம்மூன்றாம் பதிப்பை முறைப்படி விலக்கியது.

இதனினும் வியப்புடையது 2016ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளியான 'டிரவுண்' என்னும் தாக்குதல். எஸ்.எஸ்.எல். இரண்டாம் பதிப்பைப் பயன்படுத்தலாகாது என 2011ஆம் ஆண்டிலேயே விதிக்கப்பட்டிருந்தது. எவரும் அதனைப் பேசுவதில்லையே, திறந்திருந்தால் என்ன என்று பலர் வாளாவிருந்தனர். ஆனால், ஒரு வழங்கியில் அப்பதிப்பு திறந்திருப்பின், அதே திறப்பினை ஆளும் மற்றொரு வழங்கியின் புதிய பதிப்பு உரையாடல்களையும் அதன் உதவிகொண்டு விடுவிக்கலாம் என்று காட்டப்பட்டது. கடிதப் பணிக்கென ஒதுக்கிய பழைய வழங்கியின் கவலையீனம், பணப் பணி ஆற்றும் வழங்கியைக் காட்டிக்கொடுத்தது. பாதுகாப்பான இணையத்தள வழங்கிகளுள் 33 வீதம் இதற்கு ஆட்படக்கூடியவை என்பது ஆய்வாளரின் அன்றைய மதிப்பீடு. பயன்படாதது தீங்கற்றது என்னும் எண்ணம் அன்றோடு பொய்த்தது.

தெரிவுகளை ஆக்கியோர்பாலும் குறை உண்டு. பெயர்கள் பல இடங்களிற் பொருளை மறைத்தன. 'எஸ்.எஸ்.எல். வி 23 மெதட்' என ஒன்று இருந்தது. பெயரை நோக்கின் பழைய இரு பதிப்புகளுக்கே உரியதென்று தோன்றும். உண்மையில் இருபுறமும் அறிந்த மிக உயர்ந்த பதிப்பைத் தெரிந்தெடுப்பது அதுவே. 'ரி.எல்.எஸ். வி 1 மெதட்' என்பதோ புதியதுபோல் ஒலித்து, 1.0 என்னும் ஒரே பதிப்பிற் கட்டிப்போட்டது. நல்லதை நாடியவர் தீயதைக் கொண்டனர். 2016இல் வெளிவந்த 1.1.0 வெளியீட்டிலேதான் முன்னையதற்கு 'ரி.எல்.எஸ். மெதட்' என்னும் தகுந்த பெயர் வாய்த்தது.

'யாவும்' என்று பொருள்படும் 'ஓல்' என்னும் தெரிவின் கதை இன்னும் கவலை தருவது. அதனை இட்டால் எல்லாப் பாதுகாப்பும் கிடைக்கும் என்று நம்பியோர் உளர். அது பிறர் நிரல்களிலுள்ள பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும் சலுகைகளின் தொகுதியேயாகும். 2002ஆம் ஆண்டில், ரி.எல்.எஸ். 1.0இன் ஒரு வலுவீனத்துக்கு எதிராக வெற்றுத் துண்டொன்றை முன்னனுப்பும் காப்பு நூலகத்திற் சேர்க்கப்பட்டது. பழுதுள்ள சில மென்பொருள்கள் அதனைக் கண்டு தடுமாறவே, அவ்வாண்டிலேயே அக்காப்பை நிறுத்தும் தெரிவு ஒன்று ஆக்கப்பட்டு, 'ஓல்' தொகுதியினுள்ளும் இடப்பட்டது. ஆகவே, 'யாவும்' என்று எழுதியவர் தம்மை அறியாமலே காப்பைக் கழற்றி வைத்தனர். ஒன்பது ஆண்டு கழித்து, 2011இல், 'பீஸ்ற்' என்னும் தாக்குதல் அதே வலுவீனத்தைச் செயலிற் காட்டியது. பொருள் அறியாது ஒப்பமிட்ட உறுதிக்கு இதனின் வேறு உவமை வேண்டுமோ?

பிறரைக் குறைகூறுமுன் எமது குற்றத்தையும் ஒப்புதல் முறை. பல்லாண்டுகளுக்கு முன் யாம் பணியாற்றிய ஓரிடத்தில், வாடிக்கையாளர் ஒருவரின் பழைய கருவி தொடர்புகொள்ளவில்லை என முறையீடு வந்தது. கீழெல்லையை ஒரு வாரத்துக்கு மட்டும் தாழ்த்துவோம் என்று ஒரு வரியை மாற்றினோம். அக்கருவி அகற்றப்பட்டது. யாமும் வேறு பிரிவுக்கு மாறினோம். அவ்வரி மட்டும் நான்கு ஆண்டுகள் அங்கேயே இருந்தது. ஏன் அது இருக்கின்றது என்பதை அறிந்தவர் எவரும் இலராதலின், அதனைத் தொடவும் எவரும் துணியவில்லை. தீங்கு நேராதது எமது நல்லூழேயன்றித் திறமையன்று.

இங்கு ஓர் ஆட்சேபம் எழும். பழைய பதிப்புகளை அடைத்துவிட்டால் பழைய கருவி வைத்திருப்போர் என் செய்வர்? அவர்கள் பெரும்பாலும் வறியவர் அன்றோ? 5.0இற்கு முந்திய அன்ட்ரொயிட் கைப்பேசிகள் 1.2 பதிப்பை இயல்பாகப் பேசமாட்டா. பேருலாவிகள் 2020ஆம் ஆண்டில் 1.0, 1.1 ஆகியவற்றைக் கைவிட்டன. பணிக்குழுவும் 2021இல் அவற்றை விலக்கியது. புதுக்கருவி வாங்க இயலாதோர் வாசலில் நின்றுபோதல் உண்மையே. இவ்வாட்சேபத்தை யாம் எளிதாகத் தள்ளமாட்டோம்.

ஆயினும் விடை உண்டு. வறியவருக்கென விடப்படும் வலுவற்ற வழி, வறியவரின் பணத்தையே முதலில் இழக்கச் செய்யும்; இழப்பைத் தாங்கும் ஆற்றலும் அவருக்கே குறைவு. மேலும், பூடில் காட்டியதுபோல, அவ்வழி அவருக்கு மட்டும் உரியதாக நில்லாது, புதிய கருவி வைத்திருப்போரையும் கீழே இழுக்கும். சலுகை இன்றியமையாதெனின், அது தனி வழங்கியில், தனித் திறப்புடன், இரகசியம் குறைந்த பணிக்கே அமைதல் வேண்டும். யார் பொருட்டு, எந்நாள் வரை என்பதும் அதனருகே எழுதப்படல் வேண்டும். பெயரும் நாளும் இல்லாத சலுகை சலுகையன்று, மறதி.

இனி, செய்யத்தக்கது யாது? 1.1.0 வெளியீடு முதல் அந்நூலகம் கீழெல்லையையும் மேலெல்லையையும் நேரே கூறும் வழியைத் தந்துள்ளது. கீழெல்லையை 1.2 எனத் தெளிவாகக் கூறுக. மேலெல்லையைக் கூறாது விடுக. 2018ஆம் ஆண்டு செப்ரெம்பரில் நூலகத்தின் 1.1.1 வெளியீடு ரி.எல்.எஸ். 1.3ஐக் கொணர்ந்தபோது, 1.1.0ஐக் கொண்டு இயங்கியவற்றுள் மேலெல்லை இடாத நிரல்கள், நூலகத்தை மாற்றிய அளவிலேயே அப்புதுப் பதிப்பைப் பேசலாயின. மேலெல்லை இட்டோர் தமக்கு வந்த நன்மையைத் தாமே தடுத்தனர்.

நடுவில் ஒரு பதிப்பை மட்டும் விலக்குதலும் ஆகாது. 1.0ஐ விட்டுவைத்து 1.1ஐ மட்டும் நிறுத்தினால், தொடர்பைத் தொடங்கும் கணினியில் அதற்கு மேற்பட்டவை அனைத்தும் நின்றுவிடும் என நூலகத்தின் கையேடே எச்சரிக்கின்றது. ஏணியின் நடுப்படியைக் கழற்றினால் மேற்படிகள் பயன்படா. பொருள் கூறவியலாத தெரிவு எதனையும் எழுதற்க. எழுதியபின், வெளியிலிருந்து பழைய பதிப்பிற் பேச முயன்று, வழங்கி மறுக்கின்றதா என்று கண்ணாரக் காண்க. பூட்டிவிட்டோம் என்று எண்ணுதல் போதாது. கதவைத் தள்ளிப் பார்த்தல் வேண்டும்.

நெறிமுறையை ஆக்கிய அறிஞரும் இறுதியில் இம்முடிவுக்கே வந்தனர். 1.3 பதிப்பிலே அவர்கள் புதியன சேர்த்ததினும் பழையன நீக்கியதே பெரிது. சுருக்கும் வசதியும், நடுவில் மீளப் பேரம்பேசும் வசதியும், வலுவிழந்த மறைகுறியாக்க முறைகளும் அகற்றப்பட்டன. வகுக்கப்பட்ட குறிமுறைத் தொகுதிகள் ஐந்தே. தெரிவுகள் குறைந்தன, தவறும் வழிகளும் குறைந்தன. எனினும், பழைய பதிப்பைத் திறந்துவைக்கும் உரிமை இன்றும் நிரல் எழுதுவோர் கையிலேயே உள்ளது. நூலகம் கருவியைத் தரும், பொறுப்பை ஏற்காது.

மாணவர்காள்! நாளை நீவிர் ஒரு வரி எழுதுவீர். உமது முகத்தை ஒருபோதும் காணாத ஒரு மூதாட்டி, வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பிய பணத்தை அவ்வரியை நம்பியே பெறுவார். அவர் அதன் பொருளைக் கேட்கமாட்டார்; கேட்கவும் அறியார். ஆகலின், அவர் சார்பில் நீவிரே கேட்டல் வேண்டும்: இத்தெரிவு யாது செய்கின்றது? எவர் பொருட்டு? எந்நாள் வரை? இம்மூன்றனுக்கும் விடை எழுதாமல் அவ்வரியை விட்டு எழாதீர்.

பழைய மாணவர் யாம். பழமையில் எமக்குப் பற்றில்லாமலில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியரை மாலையிட்டு மேடையில் அமர்த்துகின்றோம். இரவுக் காவலுக்கு அனுப்புவதில்லை. தம் காலத்தில் நன்கு உழைத்த அந்நெறிமுறைகளுக்கும் அம்மதிப்பையே அளிப்போமாக.