காந்தத்தைக் கையில் கொடுங்கள்

மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள சம்பந்தத்தை நம் உயர்நிலைப் பள்ளி மாணாக்கர்களில் பெரும்பாலோர் அறிந்துகொள்வது, பரீட்சையை உத்தேசித்து நெட்டுருச் செய்த விதிகளின் வாயிலாகத்தான். இடது கையின் மூன்று விரல்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிறுத்திக் காட்டத் தெரிந்த பிள்ளைகள் பலர், அவ்விரல்கள் குறிக்கும் விசை ஒரு கம்பியை அசைப்பதை ஒருமுறையேனும் கண்ணால் கண்டதில்லை. பௌதிக சாஸ்திரத்தில் இவ்வளவு சொற்பச் செலவில் பிரத்தியட்சமாகக் காட்டக்கூடிய பகுதிகள் மிகச் சிலவே. அதையும் கரும்பலகையோடு நிறுத்திவிடுவது பிள்ளைகளுக்கு நாம் இழைக்கும் அநீதி என்பது என் திடமான அபிப்பிராயம்.

1820ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் நகரத்துப் பேராசிரியர் ஓர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பியின் அருகே திசைகாட்டியின் ஊசி விலகுவதைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். அச்சோதனையைச் செய்ய ஒரு டார்ச் பாட்டரியும், ஒரு முழம் கம்பியும், சிறிய திசைகாட்டியுமே போதும். வடக்குத் தெற்காக நிற்கும் ஊசிக்கு நேர் மேலே அதே போக்கில் கம்பியைப் பிடித்து, ஒரு கணம் மின்சாரத்தைச் செலுத்தினால் ஊசி ஒருபுறம் திரும்பும். கம்பியை ஊசிக்கு அடியில் கொண்டுபோனால் மறுபுறம் திரும்பும். கம்பி ஊசியைத் தன்பால் இழுக்கவுமில்லை, அப்பால் தள்ளவுமில்லை, குறுக்கே திருப்புகிறது என்பதைப் பார்த்துவிட்ட பிள்ளைக்கு, காந்தப்புலம் கம்பியைச் சுற்றி வளையமாக அமைகிறது என்ற வாக்கியத்தை மனப்பாடம் செய்யவேண்டிய அவசியமே இராது.

மின்சாரத்திலிருந்து காந்த சக்தி பிறக்குமானால் காந்தத்திலிருந்து மின்சாரமும் பிறக்கவேண்டுமே என்ற எண்ணம் விஞ்ஞானிகளுக்கு உடனே உதித்தபோதிலும், அது கைகூட 11 ஆண்டுகள் சென்றன. ஜெனிவாவைச் சேர்ந்த கொலாடோன் என்பவர், மின்சார ஓட்டத்தைக் காட்டும் கால்வனாமீட்டரின் ஊசியைக் காந்தம் நேராகவே பாதித்துவிடலாகாது என்ற ஜாக்கிரதையினால், அக்கருவியை வேறோர் அறையில் வைத்து, கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்துவிட்டு, அடுத்த அறைக்கு நடந்துபோய்ப் பார்த்தார். ஊசி அசைவற்று நின்றது. அவர் நடந்து வருவதற்குள் அது அசைந்து ஓய்ந்திருந்தது!

கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்து, புத்தகம் பைண்டு செய்யும் தொழிலைப் பயின்று, கணித சாஸ்திரத்தை முறையாகக் கற்காதவரான மைக்கேல் ஃபாரடே, 1831 ஆகஸ்ட் 29ஆம் தேதி, ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்களைச் சுற்றி ஒன்றில் மின்சாரத்தைச் செலுத்தியபோது, மற்றதனுடன் இணைத்த கம்பியருகே இருந்த காந்த ஊசி, மின்சாரத்தை இணைக்கும் கணத்திலும் துண்டிக்கும் கணத்திலும் மட்டுமே துள்ளியதைக் கவனித்தார். அக்டோபர் மாதத்தில் வெறும் காந்தத்தைச் சுருளுக்குள் செலுத்தியும் வெளியே இழுத்தும் அதே விளைவைக் கண்டார். காந்தம் அருகில் இருப்பதனால் மட்டும் மின்சாரம் பிறப்பதில்லை, மாறுதலினால் பிறக்கிறது என்ற இந்தத் தத்துவத்தின் மேல்தான் அனல்மின் நிலையங்களிலும் அணைக்கட்டுகளிலும் சுழலும் ஜெனரேட்டர்களும், தெருமுனை டிரான்ஸ்பார்மரும் இயங்குகின்றன. சுருளுக்குள் காந்தத்தை வேகமாக நுழைத்தால் ஊசி வெகுதூரம் போகிறது; மெதுவாக நுழைத்தால் சிறிதே நகர்கிறது; உள்ளேயே வைத்திருந்தால் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடுகிறது; வெளியே இழுத்தால் எதிர்த்திசையில் பாய்கிறது. ‘காந்தப் பாயம் மாறும் வீதம்’ என்று பாடபுத்தகம் சொல்வது இவ்வளவுதான்.

ரசாயனத்திலும் காந்தத்துக்கு இடமுண்டு. எலக்ட்ரான்கள் ஜோடி சேரும்போது ஒன்றின் காந்தத் தன்மையை மற்றொன்று ரத்து செய்துவிடுகிறது. ஜோடியற்ற எலக்ட்ரான்கள் இருப்பதனால்தான் திரவ ஆக்ஸிஜன் வலிய காந்தத் துருவங்களுக்கிடையே ஒட்டிக்கொண்டு நிற்கிறது, திரவ நைட்ரஜனோ நில்லாமல் வழிந்துவிடுகிறது. 1898இல் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், டாக்காப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்தில், மெல்லிய குவார்ட்ஸ் இழையில் ஒரு சிறு படிகத்தைக் காந்தப்புலத்தில் தொங்கவிட்டு, அது திரும்பும் போக்கை அளந்து, படிகத்தினுள் மூலக்கூறுகள் எவ்வாறு சாய்ந்து கிடக்கின்றன என்று அனுமானித்தார். பின்னர் டில்லியில் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரான அம்மேதை, இழையும் படிகமுமாகச் செய்த அந்த ஆராய்ச்சியை நம் பிள்ளைகளுக்கு ஏன் எடுத்துச் சொல்வதில்லை?

பாடத்தை முடிக்கவே நேரம் போதவில்லை என்று உபாத்தியாயர்கள் சொல்வது பொய்யன்று. பரீட்சையில் கேட்கப்படாததற்கு நேரம் ஒதுக்க அவர்களுக்குச் சுதந்திரமும் இல்லை. ஆகையினால் பரீட்சையைத்தான் மாற்றவேண்டும். எனாமல் பூசிய செம்புக் கம்பி, மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. அதைப் பிள்ளையே ஒரு குழாய்த் துண்டின்மேல் சுற்றட்டும். இரு முனைகளிலும் எனாமலைப் பிளேடால் சுரண்டாவிட்டால் ஊசி அசையாது என்பதையும் தானே கண்டுபிடிக்கட்டும். செய்முறைத் தேர்வில் அந்தச் சுருளையும் ஒரு காந்தத்தையும் கால்வனாமீட்டரையும் முன்னால் வைத்து, ஊசி எப்போது அசைந்தது, எப்போது அசையவில்லை என்று மட்டும் எழுதச் சொல்லி, விதியை ஒப்பிப்பதற்கு இப்போது அளிக்கும் மதிப்பெண்களை அந்த விடைக்கு அளிக்கும்படி கல்வித்துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.