பெயரளவுப் பெருமை போதுமா?

தமிழ்நாட்டில் பிறந்த ஒருவர் அயல்நாட்டில் உயர்ந்தார் என்னும் செய்தி கிட்டியவுடன் ‘அவர் நம்மவர்’ என்று மார்தட்டிக் கொள்வதும், மறுநாளே அவரையும் அவர்தம் பணியையும் மறந்துவிடுவதும் தமிழர்க்குப் பழகிப்போன நோய்களாகும். சென்னையிற் பிறந்த அனந்தா சந்திரகாசன், அமெரிக்காவின் மாசாச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில், தலைவர்க்கு அடுத்த நிலையில் கல்விப் பணிகளை நடத்தும் பெரும் பொறுப்பை 2025 சூலைத் திங்களில் ஏற்றார். அவர் பெயரைச் சொல்லி மகிழ்வோர் பலர். அவர் கண்டது யாது என்று கேட்டால் விடை சொல்வோர் எத்துணைப் பேர்?

பள்ளிப் பருவத்திலேயே அமெரிக்கா சென்ற அவர், பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில் 1989-இல் இளநிலைப் பட்டமும் 1994-இல் முனைவர் பட்டமும் பெற்று, அவ்வாண்டிலேயே மாசாச்சூசெட்சுக் கழகத்தில் ஆசிரியப் பணி ஏற்றார். மின்னணுச் சில்லுகளை வடிப்போர் விரைவையே பெரிதும் குறியாகக் கொண்டிருந்த காலம் அது. கையில் எடுத்துச் செல்லும் கருவிக்கோ, விரைவைப் போலவே மின்கலம் நெடுநேரம் தாங்குவதும் முகன்மையானது. இச்சிக்கலுக்கு, மாணவராயிருந்தபொழுதே 1992-இல், சாமுவேல் செங், பேராசிரியர் இராபர்ட்டு பிராடர்சன் ஆகியோருடன் எழுதிய கட்டுரையில் அவர் வழிகாட்டினார்.

சில்லிலுள்ள சுற்று ஒவ்வொரு முறை நிலைமாறும்பொழுதும் சிறிது மின்னாற்றலை உண்கிறது. அச்செலவு மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப அமைவது; அழுத்தத்தைப் பாதியாக்கினால் செலவு காற்பங்காகும். ஆனால், அழுத்தம் குறையக் குறையச் சுற்றின் விரைவும் குறையும். இழந்த விரைவை எவ்வாறு மீட்பது? ஒருவர் ஓடியோடிச் செய்யும் பணியை இருவர் நடந்து செய்தால், பணியும் உரிய நேரத்தில் முடியும், களைப்பும் குறையும். அதுபோலவே, ஒரு சுற்றை இரண்டாக அமைத்து, ஒவ்வொன்றையும் பாதி விரைவில் இயக்கலாம் என்றனர். 5 வோல்ட்டில் இயங்கும் சுற்றின் பணியை இவ்வகையில் 2.9 வோல்ட்டிலேயே முடிக்கலாம் என்றும், மின்செலவு 36 விழுக்காடாகக் குறையும் என்றும் கணக்கிட்டுக் காட்டினர். அதற்கு ஈடாகச் சில்லின் பரப்பு மும்மடங்குக்கும் மேலாகப் பெருகும்.

பின்னர் அவர் இன்னும் ஆழ்ந்து சென்றார். மடையை அடைத்த பின்னும் நீர் கசிவதுபோல், டிரான்சிசுட்டர் என்னும் மின்மடை திறப்பதற்குரிய அழுத்தம் எட்டாத நிலையிலும் அதன் வழியே சிறிது மின்னோட்டம் கசியும். அக்கசிவைக் கொண்டே கணக்கிடும் சில்லைத் தம் மாணவர் ஆலிசு வாங்குடன் உருவாக்கி, 2005-இல் வெளியிட்டார். அச்சில்லு 0.18 வோல்ட்டில் இயங்கியது. கைவிளக்கு மின்கலம் ஒன்று தரும் 1.5 வோல்ட்டில் அஃது எட்டில் ஒரு பங்களவே!

இனித் தமிழர் எண்ணிப் பார்க்கட்டும். மேலே சொல்லப்பெற்றவற்றுள் எதனைத் தமிழால் சொல்ல இயலாமற் போயிற்று? மடையும் கசிவும் அழுத்தமும் ஓட்டமும் உழவர் நாவிலும் உள்ள சொற்கள் அல்லவா? அறிவியலுக்குத் தமிழ் ஆகாது என்பார் கூற்றுக்குக் கரணியம் மொழியின் குறையன்று. அவர்தம் உள்ளத்தின் குறையே!

2010-இல் அண்ணா பல்கலைக் கழகத்தில் கட்டடப் பொறியியலும் எந்திரப் பொறியியலும் தமிழ்வழியில் தொடங்கப்பெற்றன. தமிழ்வழிக் கற்றோர்க்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காட்டு முன்னுரிமை தரும் சட்டமும் அவ்வாண்டிலேயே வந்தது. ஆயினும் மின்னணுவியல் அன்று தமிழ்வழியில் சேர்க்கப்பெறவில்லை. பாலமும் பொறியும் தமிழில் கற்கத்தக்கன எனின், சில்லுக்கு மட்டும் தடை ஏன்?

சந்திரகாசனின் ஆய்வு வளர்ந்தது அமெரிக்க மண்ணில்; அதனைத் தமிழர் தம் உடைமையாகக் கொண்டாடுவதில் பொருளில்லை. அவ்வறிவைத் தமிழாக்கிச் சிற்றூர்ப் பள்ளி மாணவன் கையிற் சேர்ப்பதே உடைமையாக்கும் வழி. சில்லு வடிக்கும் கலையைக் கற்பிக்கும் பாடநூல்கள் தமிழில் எழுதப்பெறல் வேண்டும். கற்றறிந்த பொறியாளர்கள் ஆளுக்கு ஓர் இயலேனும் எழுத முன்வரல் வேண்டும்; அரசு அதனை அச்சிட்டுப் பரப்புதல் வேண்டும். ஒருவர் ஓடிக் களைப்பதினும் பலர் கூடி நடப்பதே பயன் தரும் என்பது சில்லுக்கு மட்டுமன்று, மொழிப்பணிக்கும் பொருந்தும்.

தமிழர்களே! பெயரைப் போற்றியது போதும். அறிவைப் பெயர்த்தெடுத்து வந்து தமிழில் நடுங்கள்!