பரிணாமம் என்னும் வசதியான சொல்

விளையாட்டுக் கன்சோல்களைப் பற்றி எழுதுகிறவர்களிடையே இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு கதை புழங்கி வருகிறது. தொலைக்காட்சிப் பெட்டியோடு பிணைக்கப்பட்டிருந்த விளையாட்டு இயந்திரம் முதலில் கையடக்கக் கருவியாகச் சுருங்கியது; அடுத்து அது கைபேசிக்குள் கரையும்; பிறகு தனியாக ஒரு கன்சோல் என்பதே இராது. நீரிலிருந்து மீன் கரையேறியதையும் குரங்கு நிமிர்ந்து நின்றதையும் வரைவது போல இதற்கும் படம் வரைந்து காட்டுகிறார்கள். வன்பொருளின் பரிணாமம் என்று பெயரும் சூட்டிவிட்டார்கள்.

இந்தக் கதையை நாம் ஏற்கவில்லை. இலக்கியம் பேசும் இடத்தில் இதற்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஒரு சொல் எதை மறைக்கிறது என்று பார்ப்பது நம் வேலைதானே? பரிணாமம் என்று சொன்ன மாத்திரத்தில், முடிவெடுத்த மனிதர்கள் காட்சியிலிருந்து விலகிவிடுகிறார்கள். விலை வைத்தவனும் கதவைச் சாத்தியவனும் காணாமல் போகிறார்கள். நடந்ததெல்லாம் இயற்கை என்றாகிவிட்டால் யாரிடம் போய்க் கேள்வி கேட்பது?

தொடக்கத்தையே எடுத்துக்கொள்வோம். நிண்டெண்டோவில் பணிபுரிந்த குன்பேய் யோகோய், ரயில் பயணத்தில் சக பயணி ஒருவர் கால்குலேட்டரின் பொத்தான்களைப் பொழுதுபோகாமல் அழுத்திக்கொண்டிருந்ததைக் கண்டு கையடக்க விளையாட்டுக் கருவியை யோசித்தார் என்று சொல்வார்கள். கால்குலேட்டர் நிறுவனங்களின் போட்டியில் திரவப் படிகத் திரை மலிந்து கிடந்த காலம் அது. 1980இல் கேம் அண்ட் வாட்ச் வந்தது. வாடிப்போன தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் யோசித்துப் பயன்படுத்துவது என்பதே அவரது கொள்கை. 1989இல் வந்த கேம் பாயில் வண்ணம் கிடையாது, பின்னொளி கிடையாது; பச்சை கலந்த நான்கு சாயல்கள் மட்டுமே. மறு ஆண்டு சேகா நிறுவனம் வண்ணத் திரையும் பின்னொளியும் கொண்ட கேம் கியரைக் கொண்டுவந்தது. அது ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் குடித்துத் தீர்த்தது. நான்கு பேட்டரிகளில் கேம் பாய் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. கேம் பாய், அதன் வண்ண வடிவத்தையும் சேர்த்து, ஏறத்தாழ 11.8 கோடி விற்றது. வலுத்த வன்பொருள் தோற்றது; முதிர்ந்த, மலிந்த வன்பொருளை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த ஒரு மனிதரின் முடிவு வென்றது. பரிணாமப் படத்தில் இதை எங்கே வரைவார்கள்?

கன்சோல் நிஜமாகவே கைபேசியான கதையும் உண்டு. 2003இல் நோக்கியா வெளியிட்ட என்-கேஜ். விளையாட்டை மாற்ற வேண்டுமென்றால் பின்மூடியைத் திறந்து பேட்டரியைக் கழற்ற வேண்டும். பேச வேண்டுமென்றால் கருவியின் விளிம்பைக் காதில் செருகுவது போல வைத்துக்கொள்ள வேண்டும். உலகமே சிரித்தது. 2011இல் சோனி எரிக்சன், பொத்தான்கள் சறுக்கி வெளிவரும் எக்ஸ்பீரியா ப்ளே கைபேசியைக் கொண்டுவந்து பார்த்தது. அதுவும் வேரூன்றவில்லை.

ஆனாலும் கைபேசிதானே வென்றது என்பார்கள். மறுப்பதற்கில்லை. 2008இல் ஆப்பிளின் செயலிக் கடை திறந்த பின் சந்தை தலைகீழானது. 2011இல் நிண்டெண்டோ தன் 3டிஎஸ் கருவியின் விலையை, வெளிவந்து ஆறு மாதம் முடிவதற்குள், 25,000 யென்னிலிருந்து 15,000 யென்னாக இறக்க வேண்டியிருந்தது. தலைவர் சடோரு இவாடா தம் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். ஆனால் வென்றது எது என்பதில்தான் நமக்கும் அவர்களுக்கும் வழக்கு. 2016 டிசம்பரில் நிண்டெண்டோ கைபேசிக்காக சூப்பர் மாரியோ ரன் விளையாட்டை வெளியிட்டது. சில கட்டங்கள் இலவசம். பிறகு ஒரே முறை பத்து டாலர் கொடுத்தால் முழுவதும் உங்களுடையது. புத்தகம் வாங்குவதைப் போன்ற நேர்மையான வியாபாரம். கோடிக்கணக்கானோர் இறக்கிக்கொண்டார்கள், காசு கொடுத்தவர்கள் சொற்பம். எதிர்பார்த்த லாபம் வரவில்லை என்று நிறுவனமே சொன்னது. இரண்டே மாதம் கழித்து, 2017 பிப்ரவரியில், ஃபயர் எம்ப்ளம் ஹீரோஸ் வந்தது. அதில் நீங்கள் விளையாட்டை வாங்குவதில்லை. எந்த வீரன் வருவான் என்று தெரியாமலேயே காசு போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். விரும்பியவன் வரும்வரை போடுகிறீர்கள். நம் ஊரில் இதை லாட்டரி என்போம். மாரியோவைவிடப் பல மடங்கு ஈட்டியது இதுதான். இரண்டும் ஓடியது அதே கைபேசி, அதே சில்லு, அதே தொடுதிரை. வன்பொருளின் பரிணாமம் இந்த வேறுபாட்டை எப்படி விளக்கும்? மாறியது காசு பிடுங்கும் முறை. அதைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குப் பெயரும் முகவரியும் உண்டு.

அதே 2017 மார்ச்சில் கதை எதிர்த்திசையில் திரும்பியது. நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கருவிக்குள் இருந்தது என்விடியாவின் டெக்ரா எக்ஸ்1 சில்லு. கூகுளின் பிக்சல் சி என்ற பலகைக் கணினியில் 2015இலேயே புழங்கியது. கையடக்க உலகத்துக்கென்று செய்யப்பட்ட சில்லு கன்சோலுக்குள் குடிபுகுந்தது; அந்தக் கன்சோலில் தொலைபேசி இல்லை. யோகோயின் பழைய சூத்திரம்தான். 15 கோடிக்கு மேல் விற்றது. கன்சோல் கைபேசியில் கரையும் என்று ஆரூடம் சொன்னவர்கள் இதையும் பரிணாமம் என்றே எழுதினார்கள். முன்னே போனாலும் பின்னே போனாலும் பொருந்துகிற சொல்லுக்கு என்ன மதிப்பு?

இதில் நமக்கு உண்மையான கவலை வேறொன்று. 1989இல் விற்ற டெட்ரிஸ் அட்டையைப் பழுதில்லாத கேம் பாயில் செருகினால் இன்றும் ஓடும். 2010இல் ஐபோனுக்கு வந்த இன்ஃபினிட்டி பிளேட், அந்தக் காலத்தில் கைபேசி விளையாட்டின் உச்சமாகக் கொண்டாடப்பட்டது; 2018 டிசம்பரில் அதை வெளியிட்டவர்களே கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2017இல் ஆப்பிள் தன் இயங்குதளத்தின் பதினோராம் பதிப்பில் 32 பிட் செயலிகளுக்கு ஆதரவை நிறுத்தியபோது, ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் ஒரே நாளில் திறக்க முடியாதவையாயின. அவை அழிந்துபோன இனங்கள் என்று எழுதுகிறார்கள். சுவடிகளைக் கரையான் தின்றது என்று சொல்லலாம். கரையானுக்கு அலுவலகமும் பங்குதாரர்களும் கிடையாது.

நிண்டெண்டோவுக்குக் கொடி பிடிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். 2023 மார்ச்சில் 3டிஎஸ், வீ யூ இரண்டின் இணையக் கடைகளில் விற்பனையை நிறுத்தியது அந்த நிறுவனம்தான். அங்கே மட்டுமே கிடைத்த விளையாட்டுகளை இனி யாரும் காசு கொடுத்தும் வாங்க முடியாது. 2025இல் வந்த ஸ்விட்ச் 2 கருவியில் அட்டை செருகும் துளை இருக்கிறது. கடையில் பெட்டியும் அட்டையும் கிடைக்கின்றன. ஆனால் அவற்றுள் ஒரு வகை அட்டையில் விளையாட்டு இல்லை, திறவுகோல் மட்டுமே இருக்கிறது. விளையாட்டை நிறுவனத்தின் வழங்கியிலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும், அந்த வழங்கி இயங்கும் நாள்வரை.