கட்டுப்பணத்துக்குப் பதிலாகக் கையெழுத்தைக் கேளுங்கள்

2018 பெப்ரவரி 10 ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தல் நமது தோட்டங்களில் பலருக்கு நினைவிருக்கும். நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய பிரதேச சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்ட பிறகு வந்த முதல் தேர்தல் அது. அக்கரப்பத்தனை, கொட்டகலை, மஸ்கெலியா, நோர்வூட் மக்கள் தங்களுக்கென்று ஒரு சபையைத் தெரிவுசெய்தார்கள். அதே நாளில் அம்பாறைக் கரையோரத்தில் இன்னோர் ஊரும் தனிச் சபை வேண்டும் என்பதற்காகவே வாக்களித்தது. அந்த ஊர் சாய்ந்தமருது. சபை கிடைக்கவில்லை. ஆனால் கட்சி எதுவும் இல்லாமல் அவர்கள் வாக்குச்சீட்டில் இடம் பிடித்த விதத்தைத் தோட்டத் தொழிலாளர்களாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று அந்தக் கரையில் ஊரும் ஊரும் மதில் ஒட்டி நிற்கின்றன. எல்லாமே கல்முனை மாநகர சபைக்குள் அடங்குபவை. சாய்ந்தமருதுக்கு முன்பு கரைவாகு தெற்கு கிராம சபை என்று சொந்தமாக ஒன்று இருந்தது. 1987 இல் பிரதேச சபை முறை வந்தபோது அது கல்முனையோடு சேர்க்கப்பட்டது. அதே 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம்தான் தோட்டத்துக்குள் ஒரு ரோட்டைக்கூட சபை செப்பனிட விடாமல் நம்மை வெளியே வைத்திருந்தது. 2018 இல் சட்டம் திருத்தப்படும்வரை நமது லயத்துப் பாதைக்குச் சபையிடம் காசு கேட்கவே முடியவில்லை. ஆக, ஒரே சட்டம் அவர்களுக்கு இருந்த சபையை எடுத்தது. நமக்கு இருந்த சபையைப் பெயருக்கு மட்டும் ஆக்கியது.

சாய்ந்தமருது மக்களுக்குத் தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதி கிடைத்தது. 2017 இன் பிற்பகுதியில் பொறுமை இழந்து கடைகளை அடைத்துப் போராடினார்கள். பிறகு ஜும்ஆப் பள்ளிவாசல் நிர்வாகம் முன்னிற்க, கட்சிகளை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஊரே ஒரு சுயேச்சைக் குழுவை நிறுத்தியது. சின்னம் தோடம்பழம். கட்சிக்காரருக்குத் தாத்தா காலத்துச் சின்னம் இருக்கும். சுயேச்சைக் குழுவுக்கு வேட்புமனுவோடுதான் சின்னம் வரும். வாக்களிப்புக்கு முன் இருக்கும் சில வாரங்களில் அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதைச் செய்துகாட்டி, கல்முனை மாநகர சபையில் 9 ஆசனங்களை எடுத்தார்கள். பெரிய தலைவர்களும் அமைச்சர்களும் வந்து போகும் ஒரு தொகுதியில் இது சின்னக் காரியமல்ல.

யார் வேட்பாளர் என்பதை ஒரு நிர்வாகம் மட்டும் தீர்மானித்தால் போதுமா, அந்த அறையில் பெண்கள் இருந்தார்களா என்ற கேள்விகள் இந்த முறையிலும் உண்டு. தோட்டக் கமிட்டியில் கொழுந்து பறிக்கும் பெண்கள் எத்தனை பேர் என்று கேட்கும் நாம், அங்கேயும் அதைக் கேட்பதில் தவறில்லை.

ஆசனம் வந்தும் சபை வரவில்லை. 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்கு நகர சபை என்று வர்த்தமானி வந்தது. பட்டாசுச் சத்தம் ஓய்வதற்குள், சில நாட்களிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டது. பக்கத்தில் வாழும் தமிழ் மக்கள் கல்முனை வடக்கு பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தும்படி 2019 இல் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஒருவர் கோரிக்கையை மற்றவருக்கு எதிரானதாகக் காட்டுவது கொழும்புக்கு மிகவும் வசதியாகப் போயிற்று. இன்றைக்குக் கல்முனையின் நிலை அதைவிட மோசம். 2025 மே 6 ஆம் திகதி நாடெங்கும் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோது, வழக்கு ஒன்றினால் கல்முனை மாநகர சபைக்குத் தேர்தல் நடக்கவில்லை. கட்சிக்கும் இடமில்லை, சுயேச்சைக்கும் இடமில்லை.

இனி நமது கணக்குக்கு வருவோம். உள்ளூராட்சித் தேர்தலில் கட்சி வேட்பாளர் ஒருவருக்குக் கட்டுப்பணம் 1,500 ரூபா. சுயேச்சை வேட்பாளருக்கு 5,000 ரூபா. நாற்பது பேர் கொண்ட பட்டியல் என்றால் கட்சி 60,000 ரூபா கட்டும், சுயேச்சைக் குழு 200,000 ரூபா கட்ட வேண்டும். 2024 செப்டெம்பரில் அறிவித்த 1,350 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் இது 148 பேர். கொழுந்து குறைந்த மாதத்தில் பதினைந்து பேர் கிடைப்பதே கஷ்டம் என்று இருக்கும் வீடுகளிடம் போய் இந்தத் தொகையைச் சேர்ப்பது எப்படி? ஊரில் நாலு கடைக்காரர், வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைகள் இருந்தால் தட்டில் காசு விழும். லயத்தில் அது நடக்காது.

ஜனாதிபதித் தேர்தலில் கதவு இன்னும் ஒடுக்கம். கட்சி நிறுத்தாத ஒருவர் முன்பு பாராளுமன்ற உறுப்பினராக இருந்திருந்தால்தான் போட்டியிடலாம். 2024 இல் தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்று 226,343 வாக்குகள் பெற்ற அரியநேத்திரனும், மலையக மக்களின் குரலாக நின்ற திலகராஜும் முன்னாள் உறுப்பினர்கள் என்பதால்தான் நிற்க முடிந்தது. கட்டுப்பணத்திலும் அங்கே அதே பாகுபாடு: கட்சிக்கு 50,000, சுயேச்சைக்கு 75,000.

சீட்டு நீளமாகிவிடும், டம்மிக் குழுக்கள் பெருகும், அதனால்தான் கட்டுப்பணம் என்பார்கள். டம்மிக் குழுவை இறக்குவது யார்? வாக்கைச் சிதறடிக்கவும் எண்ணும் இடத்தில் கூடுதல் ஆள் வைக்கவும் தேவைப்படுகிற பெரிய கைகள்தான். அவர்களுக்கு 200,000 ரூபா ஒரு நாள் பெற்றோல் செலவு. கட்டுப்பணம் தடுப்பது டம்மியை அல்ல, ஏழையை.

இந்தியாவில் வேறு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே சட்டமன்றத்துக்குக் கட்சிக்காரரும் சுயேச்சையும் கட்டும் வைப்புத்தொகை ஒன்றே. தாழ்த்தப்பட்ட, பழங்குடி வேட்பாளருக்குப் பாதி. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்கு அந்தத் தொகுதி வாக்காளர் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். அதாவது, கட்சி இல்லாதவரிடம் கூடுதலாகக் கேட்பது ஆளை, காசை அல்ல. நமக்கு இது பொருந்தும். காசு இல்லாத இடத்தில் ஆள் உண்டு. சந்தாப் படிவத்தில் ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கிப் பழகியவர்கள் நாம்.

கையெழுத்திலும் ஒரு சிக்கல் உண்டு. தோட்டத்தில் யார் யாருக்குக் கையெழுத்து வைத்தார்கள் என்பது மாலைக்குள் துரை பங்களாவரை போய்விடும். மறுநாள் மலை மாற்றம், கைக்காசு வேலை இல்லை என்று வரும். ஆகவே கேட்கும் கையெழுத்துத் தொகை சிறியதாக இருக்க வேண்டும். சபை எல்லைக்குள் எங்கிருந்தும் வாங்கலாம் என்று இருக்க வேண்டும். பெயர்ப் பட்டியல் தெரிவத்தாட்சி அலுவலரைத் தாண்டி வெளியே போகக் கூடாது.

இன்னொன்று, பத்திரக் கோளாறு. 2025 மார்ச்சில் இளம் வேட்பாளர்களின் பிறப்புச் சான்றிதழ் உரிய முறையில் உறுதிப்படுத்தப்படவில்லை என்று பல பட்டியல்கள் தள்ளப்பட்டன; சிலர் நீதிமன்றம் போய் மீட்டெடுத்தார்கள். வக்கீல் வைக்க வழியுள்ளவர் மீட்டார் என்பதே இதன் அர்த்தம். திருத்திக் கொடுக்க இரண்டு நாள் தவணை தந்தால் இந்த வழக்குகளுக்கே வேலையில்லை.

மாகாண சபைத் தேர்தல் பல ஆண்டுகளாகத் தள்ளிப்போகிறது. தேர்தல் சட்டத்தை எப்படியும் திருத்தியாக வேண்டும். அந்த நேரத்தில் மூன்று கோரிக்கைகளை நாம் முன்வைக்கிறோம்: கட்சிக்கும் சுயேச்சைக்கும் ஒரே கட்டுப்பணம், சுயேச்சைக்குக் காசுக்குப் பதில் கையெழுத்து, பத்திரம் திருத்தத் தவணை. கல்முனைக்கு உடனே தேர்தல் வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் எழுதுகிறோம். தோட்டக் கமிட்டிகள் அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பேசி, எத்தனை கையெழுத்து நியாயம் என்ற தங்கள் கருத்தை மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். மாதர் பிரிவு தனியாகக் கூடி அனுப்பினால் இன்னும் நல்லது.