எதற்கெடுத்தாலும் 'வெறி'யா?



நம் ஊர்ப்பக்கம் வெறி என்றால் முதலில் குடிதான். "ஆள் நல்ல வெறியில நிக்கிறார்" என்றால், இப்போது அவரோடு கதைத்துப் பிரயோசனமில்லை என்று அர்த்தம். சங்கப் பாட்டில் வரும் வெறியாட்டும் வேலன் தன்னை மறந்து ஆடுவதுதான். (அந்தக் காலத்தில் வெறிக்கு நறுமணம் என்றும் ஒரு பொருள் இருந்தது. அது காற்றோடு போய்விட்டது.)

பொடியன்மார் 'கிரிக்கெட் வெறியன்' என்று போட்டுக்கொள்வதில் நமக்கு வழக்கில்லை. இனவெறி, ஊர்வெறி என்று நாளாந்தம் எழுதுகிறவர்களோடுதான் வழக்கு.

2019 ஜூனில் கல்முனை வடக்கு பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். அதற்கு எதிராக நம்மவர்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அந்த நாட்களில் முகநூலைத் திறந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அவரவர் கேட்பது உரிமை, மற்றவர் கேட்பது வெறி. உள்ளே இருந்த கேள்விகள் என்ன? எல்லை எங்கே, கடைத்தெரு எந்தப் பிரிவில், நிதி அதிகாரம் யாருக்கு. மூன்றும் வரைபடத்தையும் கோப்பையும் மேசையில் வைத்துப் பேசக்கூடியவை. ஆனால் வெறியில் நிற்பவனுக்கு யார் வரைபடம் காட்டுவார்? அந்தச் சொல்லின் வசதியே அதுதான். பதில் சொல்லும் கடமை நம் தலையிலிருந்து இறங்கிவிடுகிறது.

பக்கத்து வளவுக்கு எறிந்த சொல் நம் வளவுக்குள்ளும் விழுந்தது. சாய்ந்தமருது தனக்கென்று ஒரு நகர சபை கேட்டது. 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வந்து, சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. ஒரே கலிமா, ஒருவருக்கொருவர் சம்பந்திகள். ஆனாலும் கேட்டவர் ஊர்வெறியர், மறுத்தவர் பதவி வெறியர்! மார்க்கம் கண்டிக்கும் அஸபிய்யா ஊரை நேசிப்பதல்ல, தன் ஆட்கள் அநியாயம் செய்யும்போதும் அவர்களோடு நிற்பது என்று குத்பாக்களில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்.

வெறி என்றே சொல்ல வேண்டிய இடங்களும் இருக்கின்றன. 2018இல் சாப்பாட்டில் மலட்டு மருந்து என்ற வதந்தியை நம்பி அம்பாறை நகரில் பள்ளிவாசலை உடைத்தது வெறி. பின்னர் பரிசோதனையில் அது மாவுக்கட்டி என்று வந்தது. 2019 ஏப்ரல் 26இல் சாய்ந்தமருதில் பெற்ற பிள்ளைகளையும் சேர்த்து வெடிக்கவைத்தது வெறி. அதற்கும் ஒரு நகர சபைக் கோரிக்கைக்கும் ஒரே சொல்லா?

இந்தப் பதிவின் கீழும் 'இனவெறிக்கு வக்காலத்து' என்று ஒருவர் எழுதுவார். எழுதட்டும். அப்படியே எல்லையை எந்த வீதியில் போடலாம் என்றும் எழுதிவிட்டுப் போகட்டும்.