கையும் கைத்துப்பாக்கியும்

நாகூரிலிருந்து வடக்கே காரைக்காலுக்குச் செல்லும் சாலையில் முதலில் எதிர்ப்படும் எல்லையூர் கீழவாஞ்சூர். 1954-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 1-ந் தேதி இப்பிரதேசம் பிரெஞ்சுக்காரர் கையைவிட்டு நம் கைக்கு வரும் வரையில், இவ்வூரின் தென்கோடியில் நின்றவன் ஓரடி எடுத்துவைத்தால் ஒரு ராஜாங்கத்தை விட்டு மற்றொரு ராஜாங்கத்துக்குள் புகுந்தவனாவான். இந்தியர்களை நிராயுதபாணிகளாக்கிய 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமும் அந்த ஓரடியிலேதான் தொடங்கிற்று. வெள்ளைக்காரனுக்கு விலக்கும், நம்மவனுக்கு லைசென்ஸுமாக விதிகள் வகுத்த சட்டம் அது. துப்பாக்கி ஏந்தும் உரிமையைப்பற்றி நம் தலைவர்கள் எவ்வளவு கவலை கொண்டிருந்தார்களென்பதற்கு, விதிகளுக்குட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை 1931-ஆம் வருஷத்துக் கராச்சிக் காங்கிரஸ் ஜனங்களின் ஜீவாதார உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்ததே சாட்சி.

உரிமையைப்பற்றிப் பேசிய நாம், அந்த ஆயுதம் ஏந்துகிறவனுடைய கைக்குப் பொருந்துகிறதா என்பதை மாத்திரம் பேசியதில்லை. இன்று கீழவாஞ்சூரில் ராஜாங்க எல்லை கிடையாது. இரு மாநிலங்களின் எல்லை இருக்கிறது. 2009 முதல் பெரிய துறைமுகமொன்று இங்கே நடந்து வருகிறது. ஒரு பக்கம் திறந்த கடல். மறுபக்கம் லாரிகளும், மதுவுக்காக எல்லை தாண்டி வருவோரும், நாகூர் யாத்திரிகர்களும் ஓயாமல் போய்வரும் சாலை. 2008 நவம்பரில் கடல் வழியாய் வந்தவர்கள் பம்பாயில் செய்த அநியாயத்துக்குப் பிறகு, இத்தகைய கரையோர ஊர்களில் ஆயுதம் தாங்கிய காவல் வேண்டுமென்பதை மறுப்பார் எவருமில்லை. அந்த இரவில் துக்காராம் ஓம்ப்ளே என்னும் போலீஸ் உத்தியோகஸ்தர் வெறுந்தடியோடு துப்பாக்கியைப் பற்றி உயிர் கொடுத்தார். அவர்போன்றவருக்கு நல்ல ஆயுதம் கொடுக்கவேண்டுமென்று அன்று நாடே சொல்லிற்று. எது நல்ல ஆயுதம் என்று நாம் கேட்கிறோம்.

பொதுவாக நிலவும் அபிப்பிராயம் இது: கை சிறிதானால் துப்பாக்கியும் சிறிதாகட்டும், இடுப்பிலே உறுத்தாது, சட்டைக்குள் மறையும், பெண்களும் மெலிந்தவர்களும் எளிதாய்ச் சுடலாம். இதில் முதலிரண்டும் உண்மை. மூன்றாவது முற்றிலும் தவறு. துப்பாக்கி சிறுக்கச் சிறுக்கச் சுமப்பது எளிதாகிறது, சுடுவது கடினமாகிறது.

காரணம் சாதாரணக் கணக்குத்தான். ஒரே தோட்டாவைக் கனத்த துப்பாக்கியிலும் அதிற்பாதி எடையுள்ள துப்பாக்கியிலும் இட்டுச் சுட்டால், பின்னுதைப்பின் வேகம் இலேசான துப்பாக்கியில் இரட்டிப்பாகும்; கை தாங்கவேண்டிய அடியின் சக்தியும் இரட்டிப்பாகும். அந்த அடியைத் தாங்கும் பிடியோ குட்டையானது. பெரிய கைத்துப்பாக்கியைப் பற்றும்போது மூன்று விரல்கள் பிடியைச் சுற்றி நிற்கும். சிறியதில் சுண்டுவிரலுக்கு இடமில்லாமல் அது அந்தரத்தில் தொங்கும். எஞ்சிய இரண்டு விரல்களே முழுப் பாரத்தையும் ஏற்கவேண்டும். ஒவ்வொரு வெடிக்கும் துப்பாக்கி கைக்குள்ளேயே புரண்டு இடம் மாறும். அதை ஒவ்வொரு முறையும் திருத்திப் பிடிப்பதற்குள் ஆபத்து வந்து முடிந்துவிடும்.

குறிபார்க்கும் விஷயமும் அப்படியே. பின்குறிக்கும் முன்குறிக்கும் நடுவே 15 சென்டிமீட்டர் இடைவெளி இருந்து, குறி ஒரு மில்லிமீட்டர் பிசகினால், பத்து மீட்டர் தூரத்தில் குண்டு ஏழு சென்டிமீட்டருக்குள் விலகும். இடைவெளி 10 சென்டிமீட்டராய்க் குறைந்தால் அதே பிசகு 10 சென்டிமீட்டராகும். கை நடுங்கும் வேளையில் பிசகு ஒரு மில்லிமீட்டரோடு நிற்குமா? விலகிய குண்டு எங்கே போகுமென்பதையும் யோசிக்கவேண்டும். வாஞ்சூர்ச் சாலையில் குற்றவாளிக்குப் பின்னால் வெறும் பொட்டல் இல்லை. தேநீர்க் கடையும், பஸ்ஸுக்கு நிற்கும் குடும்பமும் இருக்கின்றன.

இவற்றைவிட நுட்பமானது விசையின் தூரம். ஆட்காட்டி விரலின் முதற்கணு விசையின்மேல் தானாக வந்து படியவேண்டும். எட்டாத கைக்காரன் துப்பாக்கியைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்து எட்டவைக்கிறான். அப்போது உதைப்பு, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவேயுள்ள சதைமடிப்பில் இறங்காமல், கட்டைவிரலின் எலும்புக் கணுவில் இறங்குகிறது. நீண்ட விரல்காரன் சிறு துப்பாக்கியை எடுத்தாலோ விரல் விசையைத் தாண்டி மடிந்து, இழுக்கும்போதே குழலை ஒரு பக்கம் தள்ளுகிறது. சதைப்பற்றுள்ள கையாயின், சுட்டதும் பின்னோக்கி ஓடிவரும் உருக்குப் பகுதி அந்த மடிப்பைக் கிழித்துவிடுவதும் உண்டு. இரண்டு தரம் வலித்த கை மூன்றாம் தரம் வெடிக்கு முன்பே தன்னையறியாமல் கூசுகிறது. கூசிய கை குழலைத் தாழ்த்துகிறது. குண்டு தரையில் பாய்கிறது. பயிற்சியாளர் ‘தைரியமில்லை’ என்று திட்டுகிறார். தைரியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அளவு தவறிய செருப்போடு ஓடுகிறவனைச் சோம்பேறி என்பது போன்ற பேச்சு அது.

இந்த விஷயத்தில் நமது மாகாணத்தின் சரித்திரத்திலேயே ஒரு துப்பாக்கி இருக்கிறது. 1911-ஆம் வருஷம் ஜூன் மாதம் 17-ந் தேதி மணியாச்சி ஜங்ஷனில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் துரையைச் சுட்டு, தன்னையும் சுட்டுக்கொண்ட வாஞ்சிநாதன் கையிலிருந்தது பெல்ஜியம் தேசத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கி. அச்செயலின் தர்மாதர்மத்தை இங்கே ஆராயப் புகவில்லை. ஆங்கிலேயரின் ஆயுதச் சட்டம் எட்டாத பிரெஞ்சுப் புதுச்சேரியில் வ. வே. சு. ஐயரிடம் வாஞ்சி சுடப் பழகியதாக அக்கால வரலாற்றில் பரவலாய்ச் சொல்லப்படுகிறது. நாம் கவனிக்கவேண்டியது இதுதான்: சிறு துப்பாக்கியைத் தேர்ந்தவரும் பழக்கம் வேண்டுமென்றே கருதினார். மணியாச்சியில் நடந்ததோ ரயில் வண்டிக்குள், மிக நெருங்கிய தூரத்தில். அங்கே பிடியின் குறையும் குறியின் குறையும் வெளிப்பட இடமில்லை. எல்லைக் காவலனுக்கு அந்த நெருக்கம் வாய்க்காது; எதிரி சாலையின் அக்கரையிலோ படகிலோ நிற்பான்.

அந்தத் துப்பாக்கிகளை வகுத்த ஜான் பிரௌனிங் என்ற அமெரிக்கர் கையின் இயல்பை நன்கறிந்தவர். 1900-ஆம் வருஷத்து மாதிரியில் அவர் சுருள்வில்லைக் குழலுக்கு மேலே அமைத்தார். அதனால் குழல் கைக்கு நெருங்கித் தாழ்ந்து நின்று, உதைப்பில் முனை எழும்புவது குறைந்தது. ஆயினும் அவருடைய வேலையிலும் கைகள் குறை கண்டன. மணியாச்சிச் சம்பவம் நடந்த அதே 1911-ல் அமெரிக்க ராணுவம் அவருடைய பெரிய துப்பாக்கி ஒன்றை ஏற்றுக்கொண்டது. முதல் மகாயுத்தத்தில் அதை ஏந்திய சிப்பாய்கள் விசை எட்டவில்லையென்றும், சுத்தி கையைக் கடிக்கிறதென்றும் முறையிட்டனர். அந்தச் சர்க்கார் சிப்பாய்களின் விரலைக் குறைசொல்லவில்லை. 1920-களில் விசையைக் குட்டையாக்கி, அதன் பின்புறத்து இரும்பைச் செதுக்கி, கையைக் காக்கும் வாலை நீட்டி, பிடியின் பின்பக்கத்தை வளைத்துத் திருத்தியது. சென்ற 2017-ல் அதே ராணுவம் புதிய துப்பாக்கியைத் தேர்ந்தபோது சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று அளவில் பிடிகள் மாற்றக்கூடியதாகவே தேர்ந்தது.

நம் நாட்டில் என்ன நடந்தது? பிரௌனிங் தொடங்கி, அவர் 1926-ல் இறந்தபின் பெல்ஜியத்தில் சேவ் என்பவர் 1935-ல் முடித்த 13 தோட்டாத் துப்பாக்கியை நாம் நகலெடுத்தோம். அதுவே இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்யப்பட்டு நம் படையினரும் போலீசாரும் நெடுங்காலம் ஏந்திவந்த ஒன்பது மில்லிமீட்டர் ஒன்று-ஏ பிஸ்டல். உறுதியானது, நம்பத்தக்கது. ஆனால் சுத்தி கையைக் கடிக்கும் குறை அதன் மூலத்துக்கே உலகப் பிரசித்தம். பாதுகாப்பு விசையோ இடப்பக்கத்தில் மாத்திரம் உண்டு. இடக்கைக்காரன் அதைக் கட்டைவிரலால் இயக்க வழியில்லை. இரட்டை வரிசையில் தோட்டா அடுக்கியதால் பிடி பருமனானது. பிடியின் அளவும் ஒன்றே. அகன்ற கைக்கு இது சுகம். நமது கிராமங்களிலிருந்து போலீசில் சேரும் மெலிந்த இளைஞருக்கும், இப்போது திரளாய்ச் சேரும் பெண்களுக்கும் அப்படியல்ல.

பெண்களுக்கென்று 2014-ல் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை ஒரு துப்பாக்கி வெளியிட்டது. 2012 டிசம்பரில் டெல்லியில் நேர்ந்த கொடுமைக்குப் பிறகு வந்ததால் நிர்பீக் என்று பெயர். ஆறு குண்டு ரிவால்வர். எடை சுமார் 500 கிராம். விலை லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். அதை நகைப்பெட்டி போன்ற பேழையில் வைத்துக் கொடுத்தார்கள். பேழைக்குக் காட்டிய சிரத்தையில் ஒரு பங்கு பிடியின் அளவுக்குக் காட்டினார்களா என்பது நம் சந்தேகம். எடை குறைந்ததைப் பெருமையாகச் சொன்னார்கள். எடை குறைந்தால் உதைப்பு ஏறுமென்பதை வாங்குகிற ஸ்திரீக்கு யார் சொன்னார்கள்? விளையாட்டுப் பந்தயத்தைப் பாருங்கள். 2024-ல் பாரிஸில் இரண்டு பதக்கங்கள் வென்ற மனு பாக்கர் போன்றவர்கள் பந்தயத்தில் ஏந்தும் காற்றுப் பிஸ்டல் ஒன்றரைக் கிலோ வரை இருக்கலாமென்பது விதி. அதில் உதைப்பு என்பதே இல்லையெனலாம். அப்படியிருந்தும் அதன் மரப்பிடியை அவரவர் கைக்குச் செதுக்கிக்கொள்கிறார்கள். உயிர்ப் போராட்டத்துக்கு எடுத்துப்போகும் துப்பாக்கிக்கு மாத்திரம் அந்த ஏற்பாடு வேண்டாமாம்!

இதெல்லாம் மேல்நாட்டு நாகரிகம், நமக்கு எதற்கு என்று சிலர் சொல்வார்கள். நமது பட்டறைகளில் போய்ப் பார்க்கட்டும். அரிவாள் வாங்கப் போகிற டெல்டாக் குடியானவன் முதலில் கூர்மையைப் பார்ப்பதில்லை. பிடியைப் பற்றி இரண்டு தரம் வீசிப்பார்க்கிறான். கொல்லனும் கையைப் பார்த்துத்தான் பிடி போடுகிறான். பழைய நாளில் வடநாட்டு வாட்களின் பிடியில் தங்கள் கை நுழையவில்லையென்று ஆங்கிலேயர் வியந்தார்கள். அவை ஆங்கிலேயர் கைக்குச் செய்யப்பட்டவையல்லவே. எந்த ஆயுதச் சட்டத்தால் துப்பாக்கி நம்மைவிட்டுப் போயிற்றோ அதனாலேயே இந்தப் பழக்கமும் துப்பாக்கி விஷயத்தில் நமக்கு ஏற்படாமற்போயிற்று. சர்க்கார் கொடுப்பதை வாங்கிக்கொள்வதே வழக்கமாயிற்று. வெள்ளைக்காரன் போன பின்னும் அந்த வழக்கம் போகவில்லை.

புதுச்சேரி அரசினரும் தமிழ்நாட்டு அரசினரும் செய்யவேண்டியது அதிகமில்லை. காவலருக்குச் சட்டை தைக்க மார்பை அளக்கிறீர்கள். பூட்ஸுக்குப் பாதத்தை அளக்கிறீர்கள். துப்பாக்கி கொடுக்குமுன் உள்ளங்கையின் நடுவிலிருந்து ஆட்காட்டி விரல்நுனி வரையில் ஒரு நூலால் அளந்து பதிவுப் புத்தகத்தில் எழுதுங்கள். புதிதாய் வாங்கும் துப்பாக்கிகளில் பிடியின் பின்தகடு மாற்றக்கூடியவையே வேண்டுமென்று டெண்டரில் ஒரு வரி சேருங்கள்; இது பிரபல கம்பெனிகளின் துப்பாக்கிகளோடு சாதாரணமாய் வருவது, அபூர்வ சாமான் அல்ல. இடக்கைக்காரரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மறைத்து வைத்துச் செல்லவேண்டிய வேலையுள்ளவருக்கு மாத்திரம் சிறு துப்பாக்கியைக் கொடுத்து, சீருடையில் இடுப்பில் வெளிப்படையாய் அணிபவருக்கு முழு அளவுள்ளதைக் கொடுங்கள். கை சிறிதாயிற்றென்று துப்பாக்கியைச் சிறிதாக்காமல், பிடியை மெல்லியதாக்குங்கள்.

பணமில்லை என்பார்கள். பழைய துப்பாக்கிகளை ஒரே நாளில் வீசியெறியச் சொல்லவில்லை. அவற்றின் பக்கப் பலகைகளை மெல்லியதாய் இழைத்து மாற்றுவதற்கு ஒரு தச்சன் கூலிக்குமேல் ஆகாது. செலவு அதிகம் பிடிப்பது தோட்டா. அதிலே கைவைப்பதுதான் பெருந்தவறு. சிறு துப்பாக்கி கொடுக்கப்பட்டவருக்குப் பெரிய துப்பாக்கிக்காரரைவிட அதிகத் தோட்டா பயிற்சிக்கு வேண்டும். இங்கே இருவருக்கும் ஒரே கணக்கு வைத்தாலும் அநீதிதான்.

கீழவாஞ்சூர் எல்லைச் சாவடியில் இரவு காவல் நிற்கும் பெண் போலீஸ் ஒருவரிடம் அவர் கைக்குப் பொருந்தாத ஒரு பிஸ்டலை ஒப்படைத்து, தஸ்தாவேஜில் ‘ஆயுதம் தரித்தவர்’ என்று எழுதிக்கொள்வது சுலபம். அடுத்த வருஷத்துக் கொள்முதல் பட்டியல் தயாராகுமுன் மேலதிகாரிகள் ஒரு நாள் அந்தச் சாவடிக்கு வந்து, அவர் அதைப் பற்றும்போது சுண்டுவிரல் எங்கே நிற்கிறதென்று பார்க்கட்டும்.